மிச்சம் பிடித்த முட்டி

பிப்ரவரி 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நேற்று போனை வைத்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு இதை எழுதுகிறேன். போனில் நாம் இரண்டு பேரும் எப்போது ஒழுங்காகப் பேசியிருக்கிறோம்? நடுவில் என் மகன் வாங்கிக்கொள்கிறான், இல்லாவிட்டால் உங்கள் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நாலு பேர் காதில் விழும்போது மனசில் இருப்பது வாய்க்கு வருவதில்லை. கடிதத்தை யாரும் ஸ்பீக்கரில் போட முடியாது.

நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். மே மாதம் நம் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. தூரப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மருமகளால் அங்கே வர முடியாது. நீங்கள் முன்னாடியே வந்து எங்களோடு இருங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்கிறீர்கள். உங்கள் மகள் அதைக் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள். கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவுகிறாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

போன வருடம் இங்கே சாப்பிட வந்தபோது நடந்ததுதான் காரணமா? எழுந்திருக்கும்போது "கால்ல நரம்பு இழுத்துக்கிச்சு" என்றீர்கள். அது நரம்பு இல்லை, கெண்டைக்கால் தசை, நரம்பு இழுக்காது, தசைதான் இழுக்கும் என்று அத்தனை பேர் முன்னாலும் நான் பாடம் எடுத்தேன். நர்சிங் பள்ளியில் உடலமைப்புப் பாடம் நடத்தியே பழகிய வாய் இது. மாணவிகள் எனக்கு வைத்திருக்கிற பெயரே எலும்பு டீச்சர். போதாக்குறைக்கு, எலும்புகளுக்கும் தசைகளுக்கும் தமிழ்ச் சொற்கள் தொகுக்கிற குழுவில் வேறு போட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் யாராவது காப்பி டம்ளரைத் தூக்கினால்கூட, முழங்கை எந்தத் தசையால் மடங்குகிறது என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்று வாசலில் நின்று "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வருடம் ஒன்றாகிறது. இன்னும் வரவில்லை.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 13

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நரம்போ தசையோ, இழுத்தது என் கால், வலித்ததும் எனக்குத்தான். அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னது சுருக்கென்று இருந்தது உண்மை. அதற்காகப் பேரப்பிள்ளையைப் பார்க்க வராமல் இருக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கிவிடவில்லை.

கடைதான் காரணம். அவர் போன பிறகு செருப்புக் கடை முழுக்க என் தலையில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். உதவிக்கு இருந்த பெண்ணும் கல்யாணமாகிப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வந்துவிட்டால் கறுப்பு ஷூ, வெள்ளை ஷூ என்று ஊரே கடை வாசலில் நிற்கும். அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது. உங்கள் வீடும் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல காற்றோட்டமான வீடு.

குழந்தைக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் போடுகிற மாதிரி அளவு வாரியாக வைத்திருக்கிறேன். எந்த ஜோடி எந்த வயதுக்கு என்று உள்ளேயே துண்டுச்சீட்டு இருக்கும். பெரியதை முன்னாடியே போட்டுவிடாதீர்கள், குழந்தை தடுக்கி விழும்.

வாடிக்கையாளர் வந்துவிட்டார், நிறுத்துகிறேன். இப்போதெல்லாம் சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்தபடியே உருண்டு போய்த்தான் வியாபாரம் பார்க்கிறேன். ரொம்ப வசதி. காலையில் உட்கார்ந்தால் கடை சாத்துகிற வரைக்கும் எழுந்திருக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 24

அன்புள்ள சம்பந்தியம்மா,

பார்சல் வந்தது. மருமகள் எல்லா ஜோடிகளையும் கட்டிலில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தாள். முதல் ஜோடி என் கட்டை விரலுக்குத்தான் சரியாக இருக்கும். சிரித்துக்கொண்டேதான் அடுக்கினாள். கடைசி ஜோடியை வைத்ததும் முகம் மாறிவிட்டது. "ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து அனுப்பிட்டாங்கன்னா, ரெண்டு வருஷத்துக்கு வர மாட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள்.

பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கடையைப் பற்றி எழுதியதெல்லாம் காரணம் மாதிரி இருந்தது. கடைசியில் முக்காலியைப் பற்றி எழுதியதுதான் உண்மை மாதிரி இருந்தது. என் மகனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவன் முதல்முதலில் கடைக்கு வந்தபோது நீங்கள் ஏணி உச்சியில் நின்றுகொண்டு, கீழே பார்க்காமலே அவன் கால் அளவைச் சொன்னீர்களாம். அப்படி ஏணியில் குடியிருந்தவர் முக்காலியை விட்டு இறங்காமல் இருக்கிறார் என்றால் எனக்கு உறுத்துகிறது.

காலில் என்ன? மறைக்காமல் எழுதுங்கள். மருமகளிடம் மூச்சுவிட மாட்டேன்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 6

சம்பந்தியம்மா,

மகளிடம் சொல்ல மாட்டேன் என்றீர்களே, அந்த ஒரு வார்த்தையை நம்பி எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து வந்து இரண்டு மாதம் இருக்கும், இடது முட்டி வீங்கிக்கொண்டது. பெரிய டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளியே ஏகப்பட்ட கூட்டம். "தேய்மானம்மா. வயசானா வர்றதுதான். பாத்து நடங்க" என்றார். மாத்திரை எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தேய்மானம் என்பது மற்றவர்களுக்கு எப்படிப்பட்ட வார்த்தையோ, எனக்கு அது தொழில் வார்த்தை. ஒரு செருப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் இன்னும் எவ்வளவு நாள் ஓடும் என்று சொல்லிவிடுவேன். தேய்ந்த அடி தேய்ந்ததுதான், திரும்ப வளராது. அதனால்தான் நல்ல ஜோடி வாங்குகிறவர்களிடம் தினமும் போடாதீர்கள், விசேஷத்துக்கு மட்டும் போடுங்கள், அப்போதுதான் நாள் வரும் என்று சொல்லி அனுப்புவேன். எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

நடப்பதை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். காய்கறிக்கு ஆள் விட்டேன். பக்கத்து மருந்துக்கடை அம்மாவோடு சாயங்காலம் பூங்காவைச் சுற்றுவேன், அதை விட்டேன். மேல் தட்டுகளைக் காலி செய்து எல்லாப் பெட்டிகளையும் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துக்கொண்டேன். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சொன்ன பிறகு இன்னும் கறாராகிவிட்டேன்.

எதற்குத் தெரியுமா? குழந்தை நடக்க ஆரம்பிக்கும்போது பின்னாலேயே குனிந்தபடி ஒரு ஆள் நடக்க வேண்டும். என் மகளுக்கு நான்தான் நடந்தேன். கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், பெட்டிகளுக்கு நடுவில், வாடிக்கையாளர் காலையெல்லாம் விலக்கிக்கொண்டு. இந்தக் குழந்தைக்கும் நான் நடக்க வேண்டும். மிச்சம் இருக்கிற எலும்பை அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். அதை உங்கள் மாடிப்படியில் செலவழித்துவிட்டால் அப்புறம் எதை வைத்து நடப்பேன்?

இப்போது சொல்லுங்கள், நான் வராமல் இருந்தது தப்பா?

சம்பந்தி


மார்ச் 12

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன். மருமகள் கேட்டதற்கு வெங்காயம் என்றேன். வெங்காயம் ஒன்றும் அங்கே இல்லை, பாவம் அவளும் நம்பின மாதிரி போய்விட்டாள்.

அப்புறம் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை, அந்த ஒற்றைச் சொல்லின் மேல். தேய்மானம். எங்கள் குழுவின் சொற்பட்டியலிலும் அது இருக்கிறது. குழுவில் அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விட்டோம். அதை ஒரு செருப்புக் கடைக்காரர் காதால் கேட்டால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சம்பந்தியம்மா, முட்டி செருப்பு இல்லை. செருப்புக்கு உயிர் கிடையாது. உங்கள் மூட்டில் எலும்பின் நுனியைச் சுற்றி வழவழவென்று ஓர் உறை இருக்கிறது, அதைக் குருத்தெலும்பு என்போம். அதற்கு ரத்தக் குழாய் இல்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் போலத்தான் அதன் பிழைப்பு. காலை ஊன்றும்போது பிழிபடும், எடுக்கும்போது மூட்டுக்குள் இருக்கிற நீரை உறிஞ்சிக்கொள்ளும். நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. மிச்சம் பிடிக்கிறேன் என்று நீங்கள் இத்தனை நாளாக அதைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள்.

தொடையின் முன்பக்கம் ஒரு பெரிய தசை இருக்கிறது. அதன் பெயர் நாற்றலைத் தசை. முட்டியின் பாரத்தில் பெரும் பங்கைச் சுமப்பது அதுதான். உட்கார்ந்தே இருந்தால் அது இளைத்துப்போகும், பாரமெல்லாம் மூட்டின் தலையில் விழும். கடையில் டேப் இருக்குமே, இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். இடது சின்னதாக இருந்தால் நான் சொல்வது சரி.

பொய் சொல்ல மாட்டேன். தேய்ந்த இடம் பழையபடி ஆகிவிடாது. ஆனால் தசை வளரும், எந்த வயதிலும் வளரும். அது வளர்ந்தால் வலி குறையும். நான் டாக்டர் இல்லை, அதனால் நல்ல பிசியோதெரபிஸ்டாகப் பார்த்துப் போய்க் காட்டுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். டாக்டர் உங்களிடம் "பாத்து நடங்க" என்றுதானே சொன்னார்? பார்க்கச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். நடக்கச் சொன்னதை எங்கே விட்டீர்கள்?

எங்கள் முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டுவைக்கப் போகிறேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அது அங்கேயே இருக்கும்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 29

அன்புள்ள சம்பந்தியம்மா,

அளந்து பார்த்தேன். இடது தொடை சின்னதுதான். எவ்வளவு சின்னது என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கு ஒரே சந்தோஷமாகிவிடும்.

நாற்றலைத் தசை என்று படித்ததும் திக்கென்று இருந்தது. எனக்கு இருக்கிற ஒரு தலையை வைத்தே கணக்கு வழக்கு, மகள், கடை என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன். இது நாலு தலையை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் இல்லாமல் தொடையில் படுத்துக்கிடந்திருக்கிறது. பெயர் வைத்தது நீங்களா, உங்கள் குழுவா?

நீங்கள் சொன்னபடி பிசியோதெரபிக்குப் போனேன். சின்னப் பெண். காலை நீட்டச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், கையால் அழுத்திப் பார்த்தாள். "முட்டி அவ்வளவு மோசமில்லம்மா. தொடைதான் தூங்கிடுச்சு. எழுப்பிடலாம்" என்றாள். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியதை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதம் இல்லாவிட்டால் அங்கே போயே இருக்க மாட்டேன்.

ஆனாலும் அரை மனசாகத்தான் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். முழுசாக நம்பினது போன வாரம்தான். ஒரு மனிதர் ஷூ ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் தொப்பென்று போட்டார். நம் கடையில் வாங்கியதுதான். மகன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெட்டியை விட்டே எடுக்காமல் பத்திரமாக வைத்திருந்தாராம். கல்யாணத்தன்று போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டதாம். பாதிக் கல்யாணத்துக்கு வெறுங்காலோடு நின்றாராம். நான் இதற்கெல்லாம் வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னேன். "போடாம பூட்டி வச்சிருந்தா உதிரத்தாங்க செய்யும். போடப் போடத்தான் உழைக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. விசேஷத்துக்கு மட்டும் போடுங்கள் என்று சொன்ன வாயும் இதுதான், பூட்டி வைக்காதீர்கள் என்று சொல்கிற வாயும் இதுதான். எனக்கு என்று வரும்போது முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் சண்டைக்குத் தயாராக நிற்கிறார். நான் முக்காலியிலிருந்து எழுந்து, நானே நடந்து போய், அவர் அளவில் ஒரு நல்ல ஜோடியை எடுத்து சும்மா கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று அவருக்கு இன்னும் புரிந்திருக்காது.

முக்காலியைப் பின்னறையில் தள்ளிவிட்டேன். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் எங்கேயாவது ஒரு மாடிப்படி ஏறிப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 10

அன்புள்ள சம்பந்தியம்மா,

நாற்றலைத் தசைக்குப் பெயர் வைத்தது நான் இல்லை. எனக்கு முன்னாடியே யாரோ வைத்துவிட்டார்கள். அது நாலு இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் வந்து சேர்கிறது, அதனால் நாலு தலை. உங்கள் விளக்கத்தை வகுப்பில் சொன்னேன். இத்தனை வருடத்தில் அந்தத் தசையின் பெயரை ஒரு மாணவிகூட மறக்காமல் எழுதியது இந்தத் தேர்வில்தான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. நாலு நாள் முன்னால் விடியற்காலையில் எனக்குக் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. கட்டிலிலிருந்து எழுந்து ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு, "ஐயோ, நரம்பு இழுக்குதே" என்று கத்தினேன். மருமகள் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அது நரம்பு இல்ல அத்தை, தசை" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் உங்களுக்காக ஒரு வருடமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

குழுக் கூட்டத்தில் தேய்மானத்தை மறுபடி எடுத்தேன். வேறு சொல் வைக்கலாம் என்று நான் கொண்டுபோன எதையும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரே பேசுகிற சொல்லை நாலு பேர் உட்கார்ந்து மாற்ற முடியாது என்றார்கள், அதுவும் நியாயம்தான். கடைசியில் சொல் அப்படியே இருக்கட்டும், கீழே ஒரு குறிப்பு சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: நோயாளியிடம் இந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள், நடந்தால் நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலில் இப்படியெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்று முணுமுணுத்தார்கள். எழுதியாயிற்று.

நாற்காலி திருப்பத்தில்தான் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் யாருக்கு என்று கேட்டார். எங்கள் சம்பந்தியம்மாவுக்கு என்றேன்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 26

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் நரம்பு இப்போது எப்படி இருக்கிறது? இதை எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

மருந்துக்கடை அம்மா வீடு மாடியில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அவர் வீட்டுப் படியில்தான் பழகுகிறேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முதல் நாள் பாதியில் நின்று அழுதுவிட்டேன். வலியால் இல்லை, ஒவ்வொரு படியிலும் குழந்தையுடைய பங்கைத் தின்றுகொண்டிருக்கிற மாதிரி பயம். இப்போது அந்தப் பயம் போய்விட்டது. வலி கொஞ்சம் இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மகளிடம் போனில் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன், திட்டினாள். எப்படித் திட்டினாள் தெரியுமா, ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் திட்டினாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கடையை இரண்டு மாதத்துக்கு மருந்துக்கடை அம்மாவின் தங்கை பார்த்துக்கொள்கிறார். அளவெடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முக்காலியைத் தொடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

மே ஐந்தாம் தேதி வருகிறேன். மாப்பிள்ளை வண்டி வந்து நிற்கிற இடத்துக்கு வந்தால் போதும். ஒரு நிபந்தனை. நான் படி ஏறும்போது யாரும் கீழே நின்று கை கொடுக்கவும் கூடாது, மேலே நின்று எட்டிப் பார்க்கவும் கூடாது. நீங்கள் எட்டிப் பார்த்தால் எந்தத் தசை வேலை செய்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

அன்புடன்,
சம்பந்தி


மே 5
முதல் மாடித் திருப்பம், நாற்காலி மேல்

அன்புள்ள சம்பந்தியம்மா,

நிபந்தனைப்படி யாரும் கீழே வரவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என் மகன் உங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஏறி வந்துவிடுவான். அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் கதவுக்கு உள்ளே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் பேத்தி முந்திக்கொண்டு வந்துவிட்டதைப் போனில் கேட்டிருப்பீர்கள். கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பியதில் முதல் ஜோடி அவளுக்குப் பெரியதாக இருக்கிறது. போட்டுவிட்டால் உதைத்துத் தள்ளிவிடுகிறாள். தொடையில் நல்ல பலம், நாலு தலையும் விழித்துக்கொண்டிருக்கின்றன. அவள் நடக்க இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அதுவரைக்கும் நாம் இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் நடந்து பழகிக்கொள்ளலாம்.

இந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். மேலே கதவு திறந்தே இருக்கிறது.

அன்புடன்,
சம்பந்தி

(அதே தாளின் அடியில், பென்சிலில்)

சம்பந்தியம்மா,

உட்கார்ந்தேன். முட்டிக்காக இல்லை, உங்கள் கடிதத்தைப் படிக்க. கண்ணாடியைத் தேடி எடுக்கத்தான் நேரமாகிவிட்டது. நாற்காலியை நாளைக்கு உள்ளே எடுத்துப் போட்டுவிடுங்கள், போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

மேலே அவள் அழுவது கேட்கிறது. பசி அழுகை இல்லை, தூக்கச் சொல்லி அழுகிற அழுகை. யாரும் தூக்க வேண்டாம்.

வருகிறேன்.